கணினியில் குறுகிய கால நினைவுச் சோதனை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எண்களை வரிசையாகச் சொல்லி, கேட்டவரை அதே வரிசையில் திரும்பச் சொல்ல வைக்கும் ஒரு பழைய சோதனை உண்டு. டிஜிட் ஸ்பான் என்பார்கள். அதைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன். உளவியல் மாணவர்கள், நிரல் எழுதுபவர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், வயதான பெற்றோரைச் சோதனைக்கு அழைத்து வருபவர்கள் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

குறுகிய கால சொல் நினைவுன்னா என்ன? நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு மறந்துபோறதும் அதுதானா?

இல்லை. நேற்றைய சாப்பாடு நீண்ட கால நினைவின் கணக்கில் வரும். இங்கே பேசுவது சில வினாடிகள் மட்டும் மனத்தில் நிற்பதைப் பற்றி. யாரோ ஒரு போன் நம்பர் சொல்கிறார்; அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் தேடுகிறீர்கள்; நடுவில் ஒருவர் "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டால் நம்பர் போயே போய்விடும். அந்த நினைவுதான்.

அந்த முணுமுணுப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் பல பதில்களில் அது வரும். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-ல் முன்வைத்த விளக்கம் வளர்ந்து வந்த விதத்தில், இந்த நினைவுக்கு இரண்டு பகுதிகள்: ஒலிகளைச் சிறிது நேரம் தாங்கி வைக்கும் ஓர் இடம், அவை மங்குவதற்குள் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் புதுப்பிக்கும் ஓர் ஓட்டம். கண்ணால் பார்த்த எண்ணைக்கூட நாம் பெரும்பாலும் ஒலியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறோம்.

அதை எப்படி அளக்கிறாங்க? எண்ணைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்றது மட்டும்தானா?

பெரும்பாலும் அதுதான். லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் 1887-ல் பள்ளி மாணவிகளை வைத்து இதைச் செய்து பார்த்தார். எண்கள், எழுத்துகள், அர்த்தமில்லாத அசைகள் என்று மூன்றையும் கொடுத்தபோது, எண்கள்தான் அதிகம் நின்றன; பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளைவிட நீண்ட வரிசைகளைச் சொன்னார்கள். 1905-ல் பிரான்சில் பினே, சிமோன் இருவரும் உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையிலும் இது இடம் பிடித்தது. வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனைகளில் இன்றும் இருக்கிறது.

வழக்கமான முறை இது: வினாடிக்கு ஓர் எண் வீதம் சோதனையாளர் வாசிப்பார். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு வரிசைகள். ஒன்றாவது சரியென்றால் அடுத்த நீளம். இரண்டும் தவறினால் நிறுத்திவிடுவார்கள். ஒருவர் சரியாகச் சொன்ன மிக நீண்ட வரிசையே அவருடைய வீச்சு.

எண்கள் தவிர, தொடர்பில்லாத சொற்கள், அர்த்தமில்லாத பொய்ச்சொற்கள் ஆகியவையும் உண்டு. பதினைந்து சொற்களை ஐந்து முறை திரும்பத் திரும்பக் கேட்க வைக்கும் சோதனையைப் பலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது கற்றலையும் நீண்ட கால நினைவையும் பார்ப்பது.

ஏழு, கூடக்குறைய ரெண்டுன்னு பாடத்துல படிச்சோம். இப்ப நாலுதான்னு சொல்றாங்களே, எது சரி?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழைப் பற்றி எழுதினார். அவரே எண்ணிக்கையைவிடக் கட்டுகள்தான் முக்கியம் என்றும் சொன்னார்: 1, 9, 4, 7 என்ற நான்கு எண்கள் நமக்கு 1947 என்ற ஒரே கட்டு. 2001-ல் நெல்சன் கோவன், முணுமுணுக்கவும் கட்டாகச் சேர்க்கவும் வழியில்லாமல் செய்துவிட்டால் மிஞ்சுவது நான்கு அளவில்தான் என்றார். சாதாரணமாக ஒருவரைச் சோதிக்கும்போது முணுமுணுப்பு, கட்டு எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் ஆறு, ஏழு என்று வருகிறது.

பேப்பர்லயே நல்லாத்தானே நடந்துச்சு? கம்ப்யூட்டர் எதுக்கு?

நல்லா நடந்தது என்பதே கொஞ்சம் தாராளமான மதிப்பீடு. ஒரே மனிதரைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் சோதிக்கட்டும். ஒருவர் நிதானமாக வாசிப்பார், ஒருவர் தெரியாமலேயே மூன்று மூன்றாகச் சேர்த்து ராகம் போட்டு வாசிப்பார். மூன்று மூன்றாகக் கேட்டால் அதிகம் நினைவில் நிற்கும் என்பது பல ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம். அப்புறம், அச்சிட்ட வரிசைகள் மாறுவதே இல்லை. இரண்டாம் மூன்றாம் முறை வருபவருக்குச் சில வரிசைகள் பழகிப்போயிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, "இரண்டும் தவறினால் நிறுத்து" என்ற விதி. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவர் 5 எண் வரிசையை எப்போதும் சரியாகச் சொல்வார், 6-ஐ நூற்றுக்கு 80 முறை, 7-ஐ 50 முறை, 8-ஐ 20 முறை, 9-ஐச் சொல்லவே மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் வீச்சு 7. ஆனால் 7-ல் இரண்டு வரிசைகளும் தவற நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 8-ல் இரண்டில் ஒன்றாவது சரியாக 36 சதவீத வாய்ப்பு. எல்லாவற்றையும் பெருக்கினால், அவருக்கு 7 என்று வருவது பாதிக்கும் குறைவான தடவைதான். ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை 6 வரும், இன்னொரு கால்வாசி தடவை 8 வரும். மனிதர் மாறவே இல்லை, மதிப்பெண் மட்டும் இரண்டு படி ஆடுகிறது. இதைச் சரிசெய்யாமல் அதே விதியை அப்படியே திரைக்குக் கொண்டுபோனால், காகிதத்துக்குப் பதில் மின்சாரம் செலவாகும், அவ்வளவுதான்.

அப்ப நிறைய தடவை கேட்கணும். பேஷண்ட் களைச்சுப்போயிட மாட்டாங்களா?

எல்லா நீளத்திலும் நிறைய தடவை கேட்டால் களைத்துத்தான் போவார். மூன்று, நான்கு எண் வரிசைகளைத் தப்பில்லாமல் சொல்பவரிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பது நேர விரயம். அவர் தடுமாறத் தொடங்கும் இடத்தைச் சுற்றியே கேட்க வேண்டும். கணினிக்கு இது சுலபம். பதில் சரியா தவறா என்று உடனே பார்த்து அடுத்த நீளத்தைத் தீர்மானிக்கும்.

கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை அமைப்பைச் சேர்ந்த டேவிட் வுட்ஸ் குழுவினர் 2011-ல் வெளியிட்ட முறை இதற்கு நல்ல உதாரணம். ஒரு வரிசை சரியானால் அடுத்தது ஓர் எண் கூடும். அடுத்தடுத்து இரண்டு தவறினால் ஓர் எண் குறையும். படிக்கட்டில் ஏறி இறங்குவது மாதிரி ஆள் தன் எல்லையைச் சுற்றியே நடப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. ஏறுவதற்கு ஒரு சரி போதும், இறங்க இரண்டு தவறு வேண்டும். அப்படியென்றால் ஒரு நிலைக்கு வந்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாக வரவே முடியாது. வயதானவர்களும் பரீட்சை பயமுள்ள பிள்ளைகளும் "எல்லாமே தப்பாப் போகுதே" என்று உடைந்துபோவார்கள். பலவற்றைத் தவறவிடத்தான் செய்வீர்கள், சோதனையே அப்படித்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தவறானால் சிவப்பு வெளிச்சம், கரகரப்பு சத்தம் எதுவும் வேண்டாம்.

ஸ்கோர் 6.8-ன்னு வருது. 0.8 எண்ணை எப்படி ஞாபகம் வெச்சுக்க முடியும்?

முடியாதுதான். அது சராசரி வீச்சு. தொடங்கிய நீளத்திலிருந்து 0.5-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு நீளத்திலும் எத்தனை பங்கு சரி என்பதைக் கூட்டுங்கள். மேலே சொன்ன ஆளையே எடுப்போம். 5-ல் தொடங்கினால் அடிப்படை 4.5. அதோடு 5-க்கு 1, 6-க்கு 0.8, 7-க்கு 0.5, 8-க்கு 0.2. மொத்தம் 7.0. பாதி தடவை சரியாகச் சொல்லக்கூடிய நீளம் எது என்பதன் மதிப்பீடு அது.

இதன் லாபம், ஓர் அதிர்ஷ்ட வரிசையோ ஒரு தும்மலோ மதிப்பெண்ணை முழு எண்ணாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பதிலும் கொஞ்சம்தான் நகர்த்தும். வுட்ஸ் குழுவினர் இந்தக் கணக்கைப் பரிந்துரைத்ததற்கும் இதுவே காரணம். என் பார்வையில் கணினிக்கு மாறுவதால் கிடைக்கும் உண்மையான மேம்பாடு இதுவும் படிக்கட்டு முறையும்தான். மற்றதெல்லாம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

எண்ணைத் திரையில காட்டட்டுமா, காதுல சொல்லட்டுமா?

எதை அளக்க விரும்புகிறீர்களோ அதைப் பொறுத்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். காதால் கேட்டால் வரிசையின் கடைசி ஓரிரு எண்கள் நன்றாக நிற்கும். கண்ணால் பார்த்தால் அந்தச் சலுகை கிடைக்காது. பழைய சோதனையோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால் ஒலிதான் சரி. காது மந்தமானவர்களுக்குத் திரை உதவும், ஆனால் அவர்களுடைய மதிப்பெண்ணைத் திரையில் செய்தவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒலியில் ஒரு கண்ணி இருக்கிறது. வரிசை முடிந்ததும் அதே குரலில் "இப்போது சொல்லுங்கள்" என்று வைத்தால் அந்தக் கடைசி எண்களுக்கான சலுகை கரைந்துவிடும். க்ரவுடர், மார்ட்டன் இருவரும் 1969-ல் விளக்கிய விளைவு இது: பின்னால் வரும் பேச்சொலி, திரும்பச் சொல்லத் தேவையில்லாததாக இருந்தாலும், முன்னால் வந்ததை அழிக்கிறது. வெறும் 'பீப்' அப்படிச் செய்வதில்லை. ஆகவே முடிவில் பீப் வையுங்கள், அல்லது திரையில் ஒரு குறியைக் காட்டுங்கள்.

மொபைல்ல இருக்கிற கம்ப்யூட்டர் குரலையே பயன்படுத்தினா போதாதா?

சோதித்துப் பார்க்கப் போதும், நிஜ வேலைக்குப் போதாது. ஒவ்வொரு போனிலும் குரல் வேறு, வேகம் வேறு. ஒருவரை நல்ல அறையில் உட்கார வைத்து ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களை ஒரே சுருதியில், வாக்கியம் முடிகிற இறக்கமோ கேள்வி மாதிரி ஏற்றமோ இல்லாமல் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டு, சத்த அளவைச் சமப்படுத்துங்கள்.

நிரல் எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இடைவெளி. ஓர் எண் முடிந்ததும் ஒரு வினாடி காத்திரு என்று எழுதுவார்கள். அப்படியானால் "ஒன்பது" வரும் வரிசை நீளும், "ஆறு" வரும் வரிசை சுருங்கும். தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை ஒரு வினாடி இருக்க வேண்டும். அதிலும் நுணுக்கமாகப் பார்த்தால், ஒலி தொடங்கும் கணமும் காதுக்குத் தாளம் விழும் கணமும் ஒன்றல்ல. காதால் கேட்டு நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்புறம், எண்களைத் தனித்தனிக் கோப்பாக ஓடவிட்டால் நடுவில் போன் திணறும். வரிசை முழுவதையும் முன்கூட்டியே ஒரே ஒலித்தடமாகக் கோத்துவிடுங்கள். புளூடூத் ஹெட்போன் முதல் எண்ணின் தலையைக் கடித்துவிடுவதும் உண்டு. வயர் உள்ள ஹெட்போன் கொடுத்தால் பாதித் தலைவலி தீரும்.

எண்ணை ரேண்டமா எடுக்க ஒரு வரி கோட் போதுமே, இதுல என்ன இருக்கு?

அந்த ஒரு வரி 3-4-5-6 என்றும் கொடுக்கும், 7-7-7 என்றும் கொடுக்கும். ஏறுவரிசை, இறங்குவரிசை, 2-4-6-8 மாதிரி தாவல் ஆகியவற்றை வடிகட்ட வேண்டும். 1947 போன்ற ஆண்டுகள் வராமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு எண் ஒரே கட்டாகிவிடும். ஓர் எண் அதே வரிசையில் சற்றுத் தள்ளி மறுபடி வந்தால் சிரமம் கூடும் என்பதால் ஒன்பது நீளம் வரை மறுபடி வராமல் வைப்பது நல்லது.

ரொம்பவும் வடிகட்டாதீர்கள். எந்த எண்ணும் திரும்ப வராது என்று தெரிந்துவிட்டால், நீண்ட வரிசையில் விட்டுப்போன எண்ணைக் கழித்துப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். இன்னொன்று: ஒரே வரிசை ஒரே அமர்வில் மறுபடி மறுபடி வந்தால், ஆள் அறியாமலேயே அதைக் கற்றுக்கொள்வார் என்று டொனால்ட் ஹெப் 1961-லேயே காட்டினார். கொடுத்த வரிசைகளை நிரல் நினைவில் வைத்திருக்கட்டும்.

பதிலை வாயால சொல்ல வைக்கவா, கீபேட்ல அழுத்த வைக்கவா?

வாயால் சொல்வதே இயல்பு. குரலைக் கணினி தானாகப் புரிந்துகொள்வதில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தில் ஒரு சொல் தவறினால் பரவாயில்லை, ஏழு எண்ணில் ஒன்றைத் தவறாகக் கேட்டால் அது நோயாளியின் தவறாகப் பதிவாகிவிடும். பதிலைப் பதிவுசெய்து வைத்து, பிறகு ஒருவர் கேட்டுத் திருத்துவது பாதுகாப்பு. ஆனால் படிக்கட்டு முறைக்கு உடனடி முடிவு தேவை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சரி, தவறு என்று அழுத்தலாம்.

கீபேட் மலிவு, வேகம், குழப்பமில்லை. ஆனால் வேறு கதை தொடங்குகிறது. போனில் 1-2-3 மேலே இருக்கும், கால்குலேட்டரில் 7-8-9 மேலே இருக்கும். ஒன்றுக்குப் பழகியவர் மற்றதில் தேடுவார், தேடும் நேரத்தில் நினைவு மங்கும். சிலர் ஒலியை விட்டுவிட்டு விரல் போகும் பாதையாகவே வரிசையை நினைவில் வைப்பார்கள், அப்போது அது சொல் நினைவாகவே இருக்காது. ஆகவே ஒரே அமைப்பை எல்லோருக்கும் வையுங்கள், எண்கள் ஒலிக்கும்போது கீபேடை மறைத்து வையுங்கள், அழிக்கும் பொத்தானை அனுமதிப்பதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். சும்மா திரையில் தெரியும் எண்களை அழுத்தும் வேகத்தைத் தனியாக அளந்து வைத்தால், மெதுவான விரலையும் மெதுவான நினைவையும் பிரித்துப் பார்க்கலாம்.

தமிழ்ல எண் சொன்னா மார்க் குறையும்னு ஒரு பேச்சு இருக்கே, உண்மையா?

அப்படி இருக்கலாம் என்று நினைக்க நியாயமான காரணங்கள் உண்டு. பேட்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1975-ல் காட்டியது: சொல்ல அதிக நேரம் பிடிக்கும் சொற்கள் குறைவாகத்தான் நினைவில் நிற்கும், ஏறத்தாழ இரண்டு வினாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவே நிற்கும். 1980-ல் எல்லிஸ், ஹென்னலி இருவரும் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுபவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் ஆகும். அதே மனிதர்களுக்கு ஆங்கிலத்தில் வீச்சு கூடுதலாக இருந்தது. முணுமுணுக்க முடியாதபடி வாய்க்கு வேறு வேலை கொடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்தது. ஆக வித்தியாசம் அறிவில் இல்லை, முணுமுணுப்பில் இருக்கிறது. (சொல்லின் நீளமே காரணமா, அதைப் போல ஒலிக்கும் வேறு சொற்கள் எத்தனை இருக்கின்றன என்பதும் காரணமா என்று ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. நமக்கு இங்கே இரண்டும் ஒரே எச்சரிக்கைதான்.)

இனி நம் எண்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை "செவன்" தவிர எல்லாம் ஓரசை. பேச்சுத் தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எல்லாம் இரண்டசை, ஒம்பது மூன்று. அதோடு இந்த ஒன்பது சொற்களும் உகரத்தில் முடிகின்றன. எழுத்து வழக்கில் ஏழைத் தவிர மற்ற எட்டும் குற்றியலுகரம், அதாவது கடைசி உகரம் பாதியாக ஒடுங்கும். அதனால் அசையை மட்டும் எண்ணினால் தமிழ் எண்கள் நிஜத்தைவிட நீளமாகத் தோன்றும். ஆனால் முடிவொலி ஒரே மாதிரி இருப்பது இன்னொரு பக்கம் உதைக்கும். ஒலியில் ஒத்திருப்பவை நினைவில் ஒன்றோடொன்று குழம்பும் என்பது கான்ராட் 1964-ல் காட்டியதிலிருந்து தெரிந்த சங்கதி.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மில் பலர் வீட்டில் தமிழே பேசினாலும் போன் நம்பரை "நைன் எய்ட் ஃபோர்" என்றுதான் சொல்கிறோம். அவர்களிடம் "இரண்டு, ஒன்பது" என்று ஒலிக்க விட்டால் உள்ளே ஆங்கிலமாக மாற்றி வைத்து, மறுபடி தமிழாக மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டு மாற்றத்துக்கும் நேரம் போகும். இதற்கு மாறாக, ஆங்கில எண்கள் பழகாத ஒரு பாட்டிக்கு ஆங்கிலத்தில் கொடுத்தால் அது நினைவுச் சோதனையே இல்லை. போன் நம்பரை எப்படிச் சொல்வீர்கள் என்று முதலில் கேளுங்கள், அந்த மொழியில் நடத்துங்கள், எந்த மொழி என்பதைப் பதிவுசெய்யுங்கள். தமிழில் நடத்தினால் "ரெண்டு", "நாலு" என்ற பேச்சு வடிவமே சரி. "இரண்டு", "நான்கு" செய்தி வாசிப்பவருக்கு இருக்கட்டும்.

அப்ப எண்ணுக்குப் பதிலா க, ச, ட, த, ப-ன்னு எழுத்து கொடுத்தா என்ன?

வேண்டாம். எல்லாம் அகரத்தில் முடியும், மேலே சொன்ன குழப்பம் இரட்டிப்பாகும். பொய்ச்சொற்கள் நல்ல வழி. அர்த்தம் இல்லாததால் பழைய அறிவு கைகொடுக்காது. குழந்தைகளின் மொழி வளர்ச்சியோடு இதற்கு உறவு உண்டு என்று கேதர்கோலும் பேட்லியும் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பட்டியலைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் நடக்காது. தமிழ் வாய்க்கு வரக்கூடிய, தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கிற, ஆனால் எந்த வட்டாரத்திலும் அர்த்தம் இல்லாத சொற்களை உருவாக்க வேண்டும். நெல்லையில் அர்த்தமில்லாதது கொங்கு நாட்டில் வசவாக இருக்கக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு எண்ணுல ஒண்ணை மட்டும் விட்டுட்டா மொத்தமும் தப்பா? அநியாயமா இல்லையா?

படிக்கட்டை நகர்த்த மொத்தமாகச் சரி, தவறு என்று பார்ப்பதே எளிது. ஆனால் பதிலை முழுமையாகச் சேமித்து வையுங்கள், பகுதி மதிப்பெண்ணும் போடலாம். இடம் பார்த்துப் போடும்போது ஒரு பொறி உண்டு. 5-2-8-6-1-9-3 என்பதற்கு ஒருவர் 5-8-6-1-9-3 என்கிறார். இடத்தை ஒப்பிட்டால் முதல் எண் மட்டும் சரி, ஏழில் ஒன்று. உண்மையில் அவர் விட்டது ஒன்றுதான். எத்தனை சேர்த்தால், நீக்கினால், மாற்றினால் சரியான வரிசை கிடைக்கும் என்று எண்ணும் கணக்கு இங்கே நியாயமானது.

தவறின் வகையையும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறுவது வரிசை நினைவின் கோளாறு. வராத எண் வருவது வேறு கதை. காது கேட்பதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

தலைகீழாச் சொல்ற சோதனையையும் இதே மாதிரி பண்ணலாமா?

பண்ணலாம், கடைசி எண்ணிலிருந்து முதல் எண் வரை சொல்ல வேண்டும். வைத்திருப்பதோடு திருப்பிப்போடும் வேலையும் சேர்வதால் மதிப்பெண் குறையும், குறைந்த நீளத்தில் தொடங்குங்கள். திரையில் எண்கள் அருகருகே தெரியும்படி வைத்துவிட்டால் மனக்கண்ணில் வலமிருந்து இடமாகப் படித்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் காட்டுங்கள். கீபேடில் வலமிருந்து இடமாக நிரப்ப அனுமதித்தால் அது தலைகீழ்ச் சோதனையே அல்ல.

வீட்டிலிருந்தே பண்ணச் சொன்னா எழுதி வெச்சுக்க மாட்டாங்களா?

சிலர் செய்வார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று என்று தவறே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும் பதிவு சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் நிஜ நினைவு படிப்படியாகத் தடுமாறும். ஓர் உச்ச நீளத்தை வைத்து அதற்கு மேல் போனால் அந்தப் பதிவைத் தனியே ஒதுக்கலாம். எனக்குப் பிடித்த வழி எளிமையானது: முடிவில் "எழுதி வைத்தீர்களா? ஆம் என்றாலும் எதுவும் ஆகாது" என்று கேட்பது. பலர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் டிவி ஓடியதா, யாராவது கூப்பிட்டார்களா என்பதையும் அதே இடத்தில் கேளுங்கள்.

என் பையன் தினமும் பழகி 7-லேருந்து 10 வந்துட்டான். நினைவாற்றல் கூடிடுச்சுதானே?

எண்களை நினைவில் வைக்கும் உத்தி கூடியிருக்கிறது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஏறத்தாழ 20 மாதம் பழகி, ஏழு எண்ணிலிருந்து 79 எண் வரை போனார். 1980-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி, கட்டுக் கட்டாக அடுக்கினார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறு அளவுக்கு இறங்கிவிட்டார்.

நம்மிடமும் கவனகக் கலை இருக்கிறது, ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைத்து எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்வது. 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரை எண் வரிசையால் அளக்க நினைப்பது வேடிக்கை. அது ஆண்டுக்கணக்கான பயிற்சியும் மொழிப்புலமையும் சேர்ந்த வித்தை. பையன் பழகட்டும், நல்லதுதான். ஆனால் பழகியவரின் மதிப்பெண்ணைப் பழகாதவர்களின் அட்டவணையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அப்பாவுக்கு இந்தச் சோதனை நார்மல்னு வந்துச்சு. மறதி நோய் இல்லைன்னு நிம்மதியா இருக்கலாமா?

இதை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்காதீர்கள். 1953-ல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிய அனுபவம் எதையும் நினைவில் பதிக்க முடியாமல் போன ஹென்றி மொலாய்சனுக்கு எண் வரிசை ஏறக்குறைய இயல்பாகவே வந்தது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் இது பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். அங்கே முதலில் அடிபடுவது, கேட்டதைச் சில நிமிடம் கழித்துச் சொல்லும் திறன். மறுபக்கமும் உண்டு: 1970-ல் ஷாலிஸ், வாரிங்டன் இருவரும் விவரித்த ஒரு நோயாளிக்குக் காதால் கேட்டால் ஓரிரு எண்களுக்கு மேல் நிற்காது, ஆனால் நீண்ட கால நினைவு நன்றாக இருந்தது.

அப்பா கேட்டதையே மறுபடி கேட்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், இந்தத் தாள் என்ன சொன்னாலும். மதிப்பெண் குறைவாக வந்திருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். காது, தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என்று பார்க்க வேண்டியது நிறைய.

நஷ்ட ஈடு கேஸ்ல வேணும்னே தப்பாச் சொன்னா கண்டுபிடிக்க முடியுமா?

அதற்கென ஒரு கணக்கு 1994 முதல் புழக்கத்தில் இருக்கிறது. நேர்வரிசையிலும் தலைகீழிலும் இரண்டு முயற்சியும் சரியான அதிகபட்ச நீளங்களைக் கூட்டுவார்கள். 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழு முயற்சி போடவில்லையோ என்று சந்தேகிப்பார்கள். இதை நம் ஊரில் அப்படியே எடுத்து ஒருவரைப் பொய்யர் என்று எழுதுவது ஆபத்து. படிப்பு குறைந்தவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், நிஜமாகவே மறதி நோய் உள்ளவர்கள், பழகாத மொழியில் சோதிக்கப்பட்டவர்கள் எல்லோருமே அந்தக் கோட்டுக்குக் கீழே வரலாம். அது மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சந்தேகக் குறி மட்டுமே. படிக்கட்டு முறையில் இந்தக் கணக்கை நேரடியாகப் போடவும் முடியாது, ஏனென்றால் எல்லா நீளத்திலும் இரண்டிரண்டு முயற்சி இருக்காது.

பழைய சோதனையோட அட்டவணையை வெச்சே மார்க்கைப் பார்க்கலாமா?

கூடாது. ஒலியா திரையா, வாயா விரலா, எந்த மொழி, என்ன கணக்கு என்று மேலே பார்த்த ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். சராசரி வீச்சை அதிகபட்ச நீளத்துக்கான அட்டவணையில் வைத்துப் பார்ப்பது முழுத் தப்பு. உங்கள் கருவியில், உங்கள் மக்களிடம், வயதும் படிப்பும் பிரித்துப் புது அட்டவணை தயாரிக்க வேண்டும். அதுவரை இரண்டு குழுக்களை ஒப்பிடவோ, ஒரே ஆளைக் காலப்போக்கில் பார்க்கவோ மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொரு விஷயம், வெக்ஸ்லர் சோதனையின் வரிசைகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவற்றை அப்படியே எடுத்துச் செயலியில் போடாதீர்கள். எண்களை வரிசையாகச் சொல்லும் உத்தி எல்லோருக்கும் பொது, உங்கள் வரிசையை உங்கள் கணினியே உருவாக்கட்டும்.

போன மாசம் 6.4, இப்ப 5.9. குறைஞ்சுட்டுதுன்னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

உங்கள் கருவியின் அளவைப் பிழை, அதாவது ஆள் மாறாமலேயே மதிப்பெண் எவ்வளவு ஆடும் என்பது, தெரிந்தால்தான் எழுதலாம். அது 0.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவீடுகளிலும் பிழை இருப்பதால் வித்தியாசத்தின் பிழை 0.7 ஆகும். நூற்றுக்கு 95 உறுதியோடு மாற்றம் என்று சொல்ல ஏறத்தாழ 1.4 வித்தியாசமாவது வேண்டும். 0.5 குறைந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிழையைக் குறைக்க வழி, அமர்வுக்கு இன்னும் சில வரிசைகளைக் கூட்டுவது. அல்லது ஒரே வாரத்தில் இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது. போன மாதம் மடிக்கணினியிலும் இந்த மாதம் போனிலும் செய்தார்களா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் அந்த இரண்டு எண்களையும் ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில்கூட எழுதாதீர்கள், பழைய கருவியிலேயே மறுபடி ஒரு முறை எடுங்கள்.